ஆறு மணிக்கு மேல் அரை மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க பிளான்ட்ல இருக்கீங்க, ஆட்டோமேஷன் பத்திப் பேசுங்களேன், பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். சரியென்று ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டு, "சார், தலைப்பை மாத்திக்கலாமா? மனசு சரியில்லாத நேரத்துல என்ன செய்யறதுன்னு பேசறேன்" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். நம் பக்கத்தில் இந்த விஷயத்தை ஒருவன் பேச வந்தாலே அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்போம். அவர் நினைத்ததில் தவறில்லை. எனக்கு ஆகத்தான் ஆகியிருந்தது. அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு தேதி. 2024 ஜூன் 19. இங்கே இருக்கிற யாருக்கும் அதை நினைவுபடுத்த வேண்டியதில்லை. நம் கள்ளக்குறிச்சி நகரத்திலேயே இருக்கிற கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் ஓடின.

அன்று இரவு நான் ஒரகடம் பக்கத்தில் ஷிப்டில் இருந்தேன். கேன்டீன் டி.வி.யில் செய்தி ஓடியது. என் அப்பா குடியை விட்டு அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது. வெளியே வந்து போன் போட்டேன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"எங்கடா போவப் போறேன்? திண்ணையிலதான் குந்தியிருக்கேன். சாப்ட்டியா?"

அந்த "சாப்ட்டியா"வைக் கேட்டதும், ஆட்கள் போய் வருகிற இடம் என்று கூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

மெத்தனால் என்ன செய்யும் என்று நம்மில் கெமிஸ்ட்ரி ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தெரியும். பார்வைக்கும் வாசனைக்கும் அது சாதாரணச் சாராயம் மாதிரிதான். உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண் நரம்பைத் தாக்குகிறது. ஒரு மூடி திறந்தால் எது உள்ளே இருக்கிறது என்று குடிக்கிறவனால் கண்டுபிடிக்கவே முடியாது. விற்றவர்கள் மேல் வழக்கு வந்தது. அந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் சி.பி.ஐ.க்கு மாற்றியது. அதைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. என்னை உறுத்திய கேள்வி வேறு. என் அப்பா அத்தனை வருஷம் ஏன் குடித்தார்?

அடுத்த லீவில் கேட்டேன். அவர் கரும்பு லாரி ஓட்டியவர். அரவை சீசனில் தூக்கம் இருக்காது. சீசன் முடிந்தால் வேலை இருக்காது. "உடம்பு வலிக்குக் குடிச்சேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அது பாதி. மீதிப் பாதி, எதையாவது நெனைச்சி நெஞ்சி கனத்துப் போவும். வூட்டுல குந்திக்கினு அழ முடியுமா? ஆம்பள" என்றார்.

எனக்கு உடனே எங்கள் பாட்டி செத்த நாள் ஞாபகம் வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடம் படித்துக் கொண்டிருந்தேன். அம்மாவும் அத்தைமார்களும் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்து அழுதார்கள். பாட்டியோடு போட்ட சண்டை, அவர் கொடுத்த சேலை, கேட்காமல் விட்ட கடன், எல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. மூன்றாம் நாள் எழுந்து அடுப்பு மூட்டினார்கள். பெற்ற பிள்ளையான அப்பா பந்தலுக்கு வெளியே மூங்கில் மாதிரி விறைத்து நின்றார். பொழுது சாய்ந்ததும் ஆளைக் காணோம். அம்மாவுக்கு ஒப்பாரி இருந்தது. அப்பாவுக்குப் பாக்கெட் இருந்தது. நம் பக்கத்து ஆண்களில் எத்தனை பேருக்கு வேறு ஏதாவது இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் கதை. என் பேட்ச் நண்பர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. 2020-ல், கொரோனா நேரத்தில், நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு செய்தார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். "இஞ்சினியர் வந்துட்டாரு" என்று தெருவில் ஒருத்தர் சொன்னால்கூடக் குத்திக் காட்டுகிறார் என்று தோன்றும். கோபம் எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் குழம்பில் உப்பு குறைவு என்று தட்டைச் சுவரில் வீசினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக் கழுவி, நெளிவைக் கையால் நிமிர்த்தி அலமாரியில் வைத்தாள். அந்தத் தட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சோறு போட்டால் ஆடும்.

அதற்குப் பிறகு கோபம் வரும்போதெல்லாம் வெளியே போய்க் கத்துவேன், கதவை அறைவேன். எனக்கு நானே ஒரு இஞ்சினியரிங் விளக்கம் வைத்திருந்தேன். பாய்லரில் அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு திறக்கிறதல்லவா? அதுமாதிரி மனுஷனும் உள்ளே வைத்துக்கொள்ளாமல் வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று. இந்த விளக்கத்தை ரொம்பப் பேர் நம்புகிறார்கள். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

இது தவறு என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் 600 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாக விமர்சித்துக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினரை, விமர்சித்தவனை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைச் சும்மா உட்கார வைத்தார்கள். குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியிருந்தது. சும்மா உட்கார்ந்தவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. 2024-ல் அவரும் இன்னொரு ஆய்வாளரும் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான் வந்தது. உடம்பைச் சூடாக்குகிற எதுவும் கோபத்தைக் குறைப்பதில்லை, ஓட்டப்பயிற்சி உட்பட. உடம்பைத் தணிக்கிற எதுவும் குறைக்கிறது. பந்து விளையாட்டு ஒரு விதிவிலக்கு. விளையாட்டில் ஒரு சிரிப்பு கலந்திருக்கிறதே, அதனால் இருக்கலாம். (நம் வாலிபால் கோர்ட்டை எடுத்துவிட்டு பார்க்கிங் ஷெட் போட்டிருக்கிறீர்கள். முதல்வர் அவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.)

யோசித்துப் பார்த்தால் என் பாய்லர் உவமையே அரைகுறை. சேஃப்டி வால்வு என்பது கடைசிப் பாதுகாப்பு. ஆபரேட்டர் அதை நம்பி வேலை செய்ய மாட்டான். அழுத்தம் ஏறுகிறது என்றால் கீழே எரிகிற தீயைக் குறைப்பான். தீயை அப்படியே விட்டுவிட்டு வால்வை மட்டும் திறந்து வைத்தால் ஆவி வந்துகொண்டே இருக்கும். "அவன் எப்படி என்னை அப்படிச் சொல்லலாம்" என்று மனதுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்க்கிறோமே, அதுதான் தீ. நான் கதவை அறைந்துகொண்டே விறகைப் போட்டுக் கொண்டிருந்தேன்.

கத்துவது பலிக்கவில்லை என்றதும் சாயங்காலத்தில் பாட்டில் வந்தது. ஆறு மணி ஆனால் கால் தானாக வாசலுக்குப் போகும். அப்பா இதைக் கவனித்துவிட்டார். அந்த ஆறு மணியை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் திட்டவில்லை. "கொல்லைக்கு வா, தண்ணி ஊத்தணும்" என்றார்.

எங்கள் கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, கறிவேப்பிலை, கொஞ்சம் கனகாம்பரம். தொட்டியில் தண்ணீர் இருக்கும். அப்பா ஒரு பித்தளைச் செம்பால் மொண்டு ஒவ்வொரு செடிக்காகப் போய் ஊற்றுவார். மெதுவாக ஊற்றுவார். திரும்பி வருவார். மறுபடி மொள்ளுவார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஹோஸ் இருக்கேப்பா" என்றேன்.

"ஹோஸ்ல வுட்டா அஞ்சி நிமிஷத்துல முடிஞ்சிடும். மீதி நேரத்துல நான் எங்கடா போறது?"

ஏழு நாள் இல்லை, ஏழு மாசம் இல்லை, மூன்று வருஷமாக அவர் இதைத்தான் செய்து கொண்டிருந்தார். சிகிச்சைக்குப் போன இடத்தில் டாக்டர் அவரிடம், "குடிக்கணும்னு தோணறது அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போவும், இறங்கிடும். அந்த அரை மணி நேரத்தைக் கடத்துங்க, போதும்" என்று சொல்லியிருக்கிறார். அலை என்ற இந்த ஒப்பீடு ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது என்று நான் பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டேன். அலையை எதிர்த்து நிற்காதே, அதன் மேலேயே மிதந்து அது இறங்குவதைப் பார் என்பது அவர் முறை. அப்பாவுக்கு மார்லட்டைத் தெரியாது. செம்பு தெரியும்.

தீர ஊற்றி முடிக்க அரை மணி ஆகும். முடிந்ததும் திண்ணையில் வந்து உட்காருவோம். பேச மாட்டார். அவர் மூச்சு விடுவது கேட்கும். ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன், நானும் அதே வேகத்தில் மூச்சு விட்டுக் கொண்டிருந்தேன்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. இப்போதே எல்லோரும் ஒருமுறை மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் நிதானமாகும். அதனால் விடுகிற மூச்சை நீளமாக விட்டால் இதயம் தானாக நிதானத்துக்கு வரும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு போதும். ஐந்து நிமிஷம் செய்து பாருங்கள். மனசே, அமைதியாக இரு என்று மனசிடம் சொன்னால் அது கேட்காது. உடம்பு வழியாகச் சொன்னால் கேட்கும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் இரண்டு முறை அரியர் வைத்தவன் சொல்கிறேன், இது நல்ல ஃபீட்பேக் லூப்.

மனசிடம் நேராகச் சொல்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்பவர் அதையே சோதனையாகச் செய்தார். அங்கே குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு, பிறகு நினைக்கலாம் என்று விட்டதும், கரடி முன்னைவிட அதிகமாக வந்து நின்றது. "எல்லாத்தையும் மறந்துட்டு ஜாலியா இரு மச்சான்" என்று நண்பனுக்குச் சொல்கிறோமே, அது வைத்தியர் சொன்ன குரங்குதான்.

அப்படியானால் நினைப்பு வந்தால் என்ன செய்வது? இதற்குப் பதிலை எனக்குச் சொன்னவன் என் ஹாஸ்டல் ரூம்மேட். பெயர் வேண்டாம், அவன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொண்டிருக்கிறான்.

2021-ல் ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து, "வா, எங்க ஊருக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டான். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் அவன் ஊர். நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தோம், அவன் ஊருக்கு நான் போனதே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஜன்னல் காற்று குளிர ஆரம்பித்தது. அவன் அம்மா சாமைச் சோறு போட்டார்கள். சாயங்காலம் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். நான் என் வேலை, என் கோபம், பாட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அது கோபம்தானா? நல்லாப் பார்த்தியா?"

புரியாமல் பார்த்தேன். அவன் சொன்னான்: "ஃபர்ஸ்ட் இயர் முதல் நாள், ஹாஸ்டல்ல ஒருத்தன் என்னை எந்த ஊருன்னு கேட்டான். கல்வராயன் மலைன்னேன். 'அப்ப சரக்கு கொண்டாந்திருக்கியா'ன்னான். எல்லாரும் சிரிச்சீங்க. அன்னைலேர்ந்து யார் கேட்டாலும் கச்சிராயபாளையம் பக்கம்னு சொல்ல ஆரம்பிச்சேன். பத்து வருஷம் அதைக் கோபம்னே நெனைச்சிட்டிருந்தேன். யார்கிட்ட கோபப்பட்டாலும் அது போவல. ஒருநாள் எங்க அம்மா, 'என்னாடா, வெக்கப்படறியா எங்களை நெனைச்சி'ன்னு கேட்டாங்க. அப்பதான் தெரிஞ்சது. அது அவமானம்டா. பேரு தெரிஞ்ச அப்பறம் பாதி போயிடுச்சி."

"எல்லாரும் சிரிச்சீங்க" என்று அவன் சொன்னதைக் கவனித்தீர்களா? அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னும் அல்லாடுகிற மலை. 2024-ல் கருணாபுரம் நடந்த பிறகுதான், அந்த மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறிப் படித்து நம் கல்லூரிக்கு வந்தான். நாங்கள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது. அந்தப் பாறையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கேட்கவில்லை. வாய் வரவில்லை. இந்த மேடையில், மைக்கில், எல்லார் முன்னாலும் கேட்கிறேன். மன்னிச்சிடுடா.

2024-க்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. சென்னையில் யாராவது என்னை எந்த ஊர் என்று கேட்பார்கள். கள்ளக்குறிச்சி என்பேன். "ஓ… அந்த…" என்று இழுத்துவிட்டு நிறுத்துவார்கள். இப்போது உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். நாங்கள் படித்தபோது இது விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆனோம் என்று சந்தோஷப்பட்டோம். ஐந்து வருஷத்துக்குள் ஊர்ப் பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறது. என் நண்பனை நாங்கள் கேட்ட கேள்வி சுற்றிச் சுற்றி எங்கள் எல்லாரிடமும் வந்து சேர்ந்தது. முதல் தடவை எனக்குச் சுள்ளென்று வந்தது. உடனே, இது கோபம் இல்லை, அவமானம் என்று மனசுக்குள் சொன்னேன். நிஜமாகவே கொஞ்சம் இறங்கியது. பிறகு பொறுமையாக, "ஆமாங்க, அந்த ஊர்தான். மேகம் அருவி பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

பெயர் வைத்தால் இறங்கும் என்பதையும் பரிசோதித்திருக்கிறார்கள். 2007-ல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர், ஆட்களை ஸ்கேனில் படுக்க வைத்து, கோபமும் பயமும் தெரிகிற முகங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சியின் பெயரைச் சொல்லாகத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. மெயின்டனன்ஸில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆபரேட்டர் வந்து, "சார், மிஷின் ஓடலை" என்றால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "ரெண்டாவது மோட்டார்ல டிரைவ் எண்ட் பேரிங் சத்தம் போடுது" என்றால் பாதி வேலை முடிந்தது.

நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்' என்று ஒரே சொல். பரீட்சைக்கும் டென்ஷன், காதலுக்கும் டென்ஷன், அப்பா செத்தாலும் டென்ஷன். தமிழில் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். நமக்கு வர வேண்டியது அடுத்தவனுக்குப் போனால் வயிற்றெரிச்சல். நெருங்கியவர் செய்தது தைத்தால் மனத்தாங்கல். சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாவிட்டால் ஆதங்கம். கையில் ஒன்றும் இல்லாமல் பார்த்துக் கொண்டிருக்க நேர்ந்தால் ஆற்றாமை. காரணமே தெரியாமல் உள்ளே வேகிறது என்றால் புழுக்கம். எதிலும் பிடிப்பு இல்லாவிட்டால் விரக்தி. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மனத்தாங்கலுக்குப் போய்ப் பேச வேண்டும். ஆற்றாமைக்கு அழ வேண்டும். புழுக்கத்துக்குச் சில நேரம் குளித்துவிட்டுத் தூங்கினாலே போதும். எனக்கு 2020-ல் இருந்தது கோபமே இல்லை, பயம். பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்கப் பணம் இருக்குமா என்கிற பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தட்டை வீசினேன்.

இன்னொன்று. நான் மேலே சொன்ன எதையும் தனியாகச் செய்யவில்லை. பக்கத்தில் அப்பா இருந்தார், நண்பன் இருந்தான். இருவரும் படித்த கவுன்சலர்கள் அல்ல. ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர், டாக்டர்களே போதாத ஊரில் என்ன செய்வது என்று யோசித்து, 2006 வாக்கில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த ஊர்க்காரர்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை, 'ரொம்ப யோசிக்கிற நோய்' என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சு மாதிரியே இல்லை? பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு நல்ல பலன் இருந்தது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டிலேயே கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகமாகக் குடிக்கிற ஆண்களிடம் நாலு முறைக்குள் பேச வைத்துப் பார்த்தார்கள். கணிசமான பேருக்குக் குடி குறைந்தது. 2017-ல் அந்த முடிவு வெளியானது.

தம்பி தங்கைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அரியர் ரிசல்ட் வருகிற ராத்திரி ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினால் ஒரு வருஷமே வீண் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. 1986-ல் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் விடாமல் வலியுறுத்தியதில், சீக்கிரமே மறுதேர்வு எழுதி அதே வருஷம் கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது. அவர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் இன்னொன்றும் செய்தார். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னார். மனம் உடைந்த நேரத்துக்கும் மருந்துக்கும் நடுவே கொஞ்ச தூரம், கொஞ்ச நேரம். எங்கள் அப்பாவின் செம்பு செய்ததும் அதுதானே! விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் மருந்து டப்பா எங்கே இருக்கிறது என்று இந்த லீவில் போய்ப் பாருங்கள். கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அம்மாவிடம் சொல்லிப் பூட்டி வைக்கச் செய்யுங்கள்.

செம்பும் மூச்சும் எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிப் போங்கள். 104-க்குப் போன் செய்யலாம். 2022-லிருந்து 14416 என்ற எண்ணும் இருக்கிறது. ராத்திரி எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இன்னொரு எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிறவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். என் அப்பாவும் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மருந்து சாப்பிட்டுத்தான் வெளியே வந்தார். செம்பு அதற்குப் பிறகு வந்தது.

அவர் இன்றைக்கு விழாவுக்கு வந்திருக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில் உட்காருங்கள் என்றால் கேட்காமல், சாம்பார் வாளியைப் பிடுங்கிப் பரிமாறிக் கொண்டிருக்கிறார் என்று தகவல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் சிமென்ட் திட்டு. எங்கள் காலத்தில் அங்கே உட்கார்ந்து வார்டனைத் திட்டுவோம். நானும் மூன்றாவது வரிசை நண்பனும் இனி ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல்வர் அனுமதி கொடுத்துவிட்டார். அறிவுரை எதுவும் சொல்ல மாட்டோம். பேச வேண்டும் என்றாலும் வரலாம், பேசாமல் உட்கார வேண்டும் என்றாலும் வரலாம். இன்றைக்கும் பந்தி முடிந்ததும் நேராக அங்கேதான் போகிறோம். ஆறு மணி கடைசி பஸ் போனால் போகட்டும், கார் இருக்கிறது, கொண்டுபோய் விடுகிறோம்.